இல்லையெனில்

வெள்ளிக்கிழமைக்குள் மண்டல அலுவலகத்தில்
திருப்பிக் கொடுக்க வேண்டிய பெட்டி.
எண்ணிப் பார்த்துக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன்:
ரோபோ வண்டி இரண்டு, சென்சார் எட்டு,
ஒயர் ஒரு கட்டு,
எலி கடித்த கையேடு ஒன்று.

வியாசர்பாடி. மூன்றாம் வகுப்பு, ஆ பிரிவு.
முதல் நாள் வண்டியைத் தொடவே விடவில்லை.
குபேந்திரன்தான் ரோபோ.
அவன் கண்ணுக்கு என் துப்பட்டா.
மற்ற முப்பத்தொரு பேரும் கட்டளை.
"முன்னாடி ரெண்டு. சோத்தாங்கை பக்கம் திரும்பு. ஒண்ணு."
ரோபோ சிரிக்கக் கூடாது என்பது விதி.
சிரித்துக்கொண்டே போனவன்
சுவருக்கு ஒரு சாண் முன்னால்
யாரும் சொல்லாமலே நின்றான்.
எட்டிப் பாத்துட்டான் என்று ஒரே சண்டை.
"இல்ல மிஸ், செவுரு கிட்ட வந்தா
காது ஒரு மாதிரி அடைக்குது."

எதிரொலிக்கு அம்புக்குறி போட்ட பக்கத்தை
அதோடு மூடி வைத்தேன்.

வண்டியின் முகத்தில் இரண்டு வட்டம்.
கண்ணு, கண்ணு என்றார்கள்.
ஒன்று வாய், ஒன்று காது என்றேன்.
கூப்பிடும். பதிலுக்குக் காத்திருக்கும்.
பதில் வர எவ்வளவு நேரமோ
அதைத் தூரம் என்று சொல்லும்.

திரையில் ஆரஞ்சுக் கட்டம்: எனில்.
"எனில்னா யாரு மிஸ்?
எங்க தெருவுல லெனின்தான் இருக்கான்."
கேட்டது ஜெனிட்டா.
சுவர் வந்தால் நில் என்கிறோமே, அந்த 'ஆல்'தான் எனில்
என்று சொல்லி வாய் மூடவில்லை,
வகுப்பு முழுக்க ஆல் விழுது விட்டுவிட்டது.
"பெல் அடிச்சா ஓடு."
"முட்டை போட்டா ரெண்டு கேளு."
"மிஸ் மொறைச்சா எழுதுற மாதிரி நடி."

வண்டி பெஞ்சுக்கு நின்றது.
தண்ணீர்க் குடத்துக்கு நின்றது.
கொடியில் தொங்கிய துப்பட்டாவுக்கு மட்டும் நிற்காமல்
நேரே வந்து சக்கரத்தில் சுருட்டிக்கொண்டது.
பழுதோ என்று நான் திருப்பிப் பார்க்கும்போது
தேசப்பன் சொன்னான்:
"மெத்துனு இருந்தா அதுக்குத் தெரியாது மிஸ்.
கூப்பிட்டா துணி பேசாது."

மூன்றாவது பெஞ்சு தஸ்லிமா
அதுவரை எதையும் தொடவில்லை.
பெட்டியின் அடியில் கிடந்த
சீப்புப் பல் மாதிரிக் கோடு போட்ட சின்னப் பலகையை எடுத்து,
"இது தண்ணிக்கா?" என்றாள்.
டம்ளரில் விட்டுக் காட்டினேன். வீல் என்றது.

இரண்டு பீரியட் அவள் எழுந்திருக்கவில்லை.
எழுத்து எழுத்தாகத் தேடித் தட்டினாள்.

என்றென்றும்
தண்ணீர் தொட்டது எனில்
கத்து
இல்லையெனில்

அங்கே நின்றுவிட்டாள்.
"இல்லையெனில்ல எதுனா எழுதலாமா மிஸ்?"
எழுதலாம்.
எழுதிவிட்டுச் சாப்பிடப் போய்விட்டாள்.

காய்ந்த பலகை மேஜைமேல் கிடந்தது.
மதிய இடைவேளை முழுக்க
யாருமில்லாத வகுப்பறையில் திரை
நொடிக்கொரு தரம் சொல்லிக்கொண்டிருந்தது:
அம்மா நீ தூங்கு.
அம்மா நீ தூங்கு.
அம்மா நீ தூங்கு.

கை கழுவிவிட்டு வந்தவளைக் கேட்டேன்.
"மழைன்னா அது கட்டில்மேல உக்காந்துனே இருக்கும் மிஸ்.
வாசப்படிய பாத்துனு."
சொல்லிவிட்டு அப்பளம் மிச்சமிருக்கிறதா பார்க்க
ஓடிவிட்டாள்.

ரிச்சி தெருவில் பஸ்ஸர் நாற்பது ரூபாய்.
அதற்குத் தோதான சின்ன போர்டு கொஞ்சம் கூடுதல்.
என் பேரம் எடுபடவில்லை.

வெள்ளிக்கிழமை மண்டல அலுவலகம்.
வண்டி இரண்டு. சரி.
ஒயர், கையேடு. சரி.
சென்சார் ஏழு.
ஒன்று பழுது என்று எழுதியிருந்ததில்
கிளார்க் விரலை வைத்தார்.
"எதும்மா?"
தண்ணி சென்சார் சார்.
"எப்படிப் பழுதாச்சு?"

ஜன்னலுக்கு வெளியே காலையிலிருந்தே இருட்டு.

நனைஞ்சிடுச்சு சார், என்றேன்.